எட்டும் அளவு

ஜெயகுமாரி முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, அவள் பேசிய பேச்சைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல பெண்தான். அடிவாரத்தில் காலை பஸ் பிடித்து, ஏற்காட்டில் இறங்கி, நாகலூர் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஏறுகிற செங்குத்தான மண்பாதையில் மூச்சு வாங்க வந்து சேர்ந்திருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப் போய்க் கை கால் பயிற்சி கொடுக்கிற வேலை அவளுக்கு. கையெடுத்துக் கும்பிட வேண்டியவள். ஆனாலும் கட்டிலில் கிடக்கிற மனுஷனுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, உங்க இலக்கு என்ன?" என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

என் வீட்டுக்காரர் பெயர் சத்யராஜ். மாசி மாதம் மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறியவர், ஏணி சறுக்கி விழுந்தார். மழை பெய்து மரம் வழுக்கியது என்றோ, குடித்திருந்தார் என்றோ சொல்ல ஒன்றுமில்லை. வெயில் காய்ந்த நல்ல நாள். இருபது வருஷமாக ஏறி இறங்கிய மனுஷன். முதுகெலும்பில் அடி. சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. "எழுந்து நடக்கிற வாய்ப்பு ரொம்பக் குறைவும்மா" என்றார் டாக்டர். குறைவு என்றால் கொஞ்சமாவது இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தக் கொஞ்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் அவரை வேனில் படுக்க வைத்து மலைக்குக் கொண்டுவந்தேன். இல்லை என்பதைத்தான் அவர்கள் குறைவு என்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரிய ரொம்ப நாளாயிற்று.

ஜெயகுமாரி கேட்ட கேள்விக்கு அவர் பட்டென்று பதில் சொன்னார். "மறுபடியும் மரம் ஏறோணுங்க."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை மன்னித்தேன். "அது ஆசைண்ணா. ஆசை இருக்கட்டும், அதை நான் வேண்டாங்கலை. நான் கேக்கறது எட்டக்கூடிய இலக்கு. உங்க உடம்பு, இந்த ஊடு, அக்காவோட வேலை எல்லாத்தையும் வெச்சுப் பாத்தா சாத்தியமாகிற மாதிரி, நடைமுறைக்கு ஒத்து வர்ற மாதிரி ஒண்ணு."

"ஏனுங்க மேடம்," என்றேன் நான். "ஒண்ணு ஆவுமுங்க, இல்லீன்னா ஆவாதுங்க. நடுவுல எதுக்குங்க இத்தனை வார்த்தை?"

எங்கள் எஸ்டேட்டில் அப்படித்தான். இந்தக் காட்டை இன்றைக்குக் களையெடுத்து முடிக்க ஆகுமா என்று கேட்டால் ஆகும் அல்லது ஆகாது. அவளோ அப்பளம் போல எதையும் எண்ணெயில் போட்டு உப்ப வைத்துப் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் என் பேச்சுக்கு முகம் சுளிக்கவில்லை. "நீங்க சொல்றது சரிதாங்க்கா. ஆனா ஆவும், ஆவாது ரெண்டுக்கும் நடுவுலதான் இப்ப அண்ணா படுத்திருக்கார். அங்க நிக்கறதுக்கு ஒரு வார்த்தை வேணுமில்ல?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். "வெளிக்கிப் போறதுக்கு இவளை எதிர்பாக்காம இருக்கோணுங்க. அது ஒண்ணு போதும்."

தினமும் காலையில், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுப்பதற்கு முன்னால், நான் அவரைப் புரட்டித் துடைத்துக் கழுவி, துணி மாற்றிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். அந்த நேரம் முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தூக்கக் கலக்கம் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். கட்டிக்கொண்டவனுக்குச் செய்வதில் என்ன அருவருப்பு என்று எனக்கு இருந்ததே தவிர, செய்யப்படுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

"இது எட்டும்ணா," என்றாள் ஜெயகுமாரி. எழுந்து போய்க் கதவின் அகலத்தைக் கையால் சாண் போட்டு அளந்தாள். பின்னால் இருக்கிற கக்கூஸுக்குப் போகிற படிகளைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு அந்த ஒரு ஆசையைப் பிட்டுப் பிட்டு எங்கள் முன்னால் வைத்தாள். முதலில் கட்டில் காலில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தானாக எழுந்து உட்கார வேண்டும். அடுத்து, கட்டில் ஓரத்தில் சாயாமல் உட்கார வேண்டும். அதற்கு அடுத்து, வழவழப்பான பலகை ஒன்றைப் பாலம் போலப் போட்டு, கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர வேண்டும். அதுவரைக்கும் வந்துவிட்டால் மீதியை அடிவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு மறுவாழ்வு இல்லத்தில் பார்த்துக்கொள்வார்கள். அங்கேயே தங்க வைத்துச் சக்கர நாற்காலி கொடுப்பார்கள். குளிப்பது, வெளிக்குப் போவது எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளப் பழக்கி அனுப்புவார்கள். இடம் கொஞ்சம்தான். அடுத்து ஆடி மாதத்தில்தான் ஆள் எடுப்பார்கள். யாருக்கு முன்னேற்றம் தெரிகிறதோ அவர்களுக்குத்தான் இடம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் மூச்சு, பேச்சு எல்லாம் அந்த இடம்தான்.

மிளகு பறித்த கை அவருடையது. பிடித்தால் உடும்பு. சித்திரை முடிவதற்குள் கயிற்றைப் பிடித்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஜெயகுமாரி வரும் வியாழக்கிழமைகளில் நான் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் சொல்லிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவேன். "பாருங்க அம்மணி, நேத்தே உக்காந்துட்டார்" என்று அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவேன். மேடம் என்பது போய் அம்மணி ஆகியிருந்தாள் அதற்குள். அவள் முகம் மலரும். உடனே, "அப்ப அடுத்ததுக்குப் போலாமா?" என்பாள். கயிறு இல்லாமல் எழச் சொன்னாள். எழுந்தார். கட்டில் ஓரத்துக்கு வரச் சொன்னாள். வந்தார். கையை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். முதல் நாள் மூட்டை சாய்கிற மாதிரி சாய்ந்தார். அவள் தாங்கிப் பிடித்து, "பரவால்லண்ணா, இது இன்னும் எட்டலை, அவ்வளவுதான்" என்று சொல்லித் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். அவர் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த வாரமே கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஆனால் பலகையைப் போட்டு நாற்காலிக்கு நகர்கிற கட்டம் வந்ததும் நின்றுபோனது. எஸ்டேட் பங்களாவில் கழித்துப் போட்ட மர நாற்காலி ஒன்று எங்களிடம் இருந்தது. அதைக் கட்டிலை ஒட்டிப் போட்டு, பலகையை வைத்து, ஜெயகுமாரி எப்படி எப்படியோ சொல்லிக் கொடுத்தாள். அவர் கையை ஊன்றுவார், பாதி தூரம் போவார், "முடியலீங்க" என்பார். வைகாசி போயிற்று. ஆனி போயிற்று. "முடியலீங்க." நான் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமில்லை. "மனசு வெச்சாத்தானுங்க ஆவும்" என்று கத்துவேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

ஜெயகுமாரி மட்டும் நம்பிக்கை விடவில்லை. "ஆடியில அங்க போறப்ப உங்களால என்னென்ன முடியுமோ அத்தனையும் காட்டிருங்கண்ணா. கொஞ்சங்கூட மிச்சம் வெக்காதீங்க" என்றாள். அவர் "சரிங்க" என்றார்.

ஆடியில் வேன் பிடித்து இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் அவரை உருளாமல் என் மடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு போனேன். அந்த இல்லம் சுத்தமாக இருந்தது. சுவரெல்லாம் கைப்பிடிக் கம்பிகள். அவர் வயதில் ஒருத்தர் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவை என் வீட்டுக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே, பசித்தவன் இலையைப் பார்க்கிற பார்வை.

உள்ளே டாக்டர் ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். எழுந்து உட்கார்ந்தார். ஓரத்துக்கு வந்தார். கையை எடுத்தார். பலகையைப் போட்டு நாற்காலிக்கு வரச் சொன்னார்கள். கையை ஊன்றினார். பாதியில் நின்றார். "முடியலீங்க."

இன்னொரு முறை கேட்டார்கள். "இல்லீங்க சார். நொம்ப சிரமமுங்க."

அந்த டாக்டர் கெட்ட மனுஷர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு மாசமா இதே நிலைதான்னு தெரியுதும்மா. முன்னேற்றம் ஒரு இடத்துல வந்து நின்னிருச்சு. வீட்டுப் பயிற்சி தொடரட்டும், அடுத்த தடவை பாப்போம்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். அவரும் என்னைத் தேற்றவில்லை.

ஆவணியில் ஒரு நாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. உரம் வைக்க முடியாது என்று எங்களை நேரத்திலேயே போகச் சொல்லிவிட்டார்கள். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மழைச் சத்தத்தில் நான் வந்தது அவருக்குக் கேட்டிருக்காது. கதவைத் திறந்தால் கட்டிலில் ஆள் இல்லை. விழுந்துவிட்டார் என்று நினைத்துத் தரையைத்தான் முதலில் பார்த்தேன்.

அவர் கட்டிலை ஒட்டிய ஜன்னலோரத்தில் மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பலகை கட்டில்மேல் கிடந்தது. மழையில் நனைகிற காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் திருட்டு முழி முழித்தார்.

யாரும் தூக்கி உட்கார வைக்கவில்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? எங்கள் ஒரே மகள் ஹரிணி சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். முதலில் எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் தலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அழுது முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"எப்ப இருந்துங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எப்ப இருந்துன்னு கேக்கறேனுங்க."

"வைகாசியிலயே வந்துருச்சு புள்ள."

"அப்பறம் ஏனுங்க டாக்டர்கிட்ட முடியலீன்னீங்க?"

"காட்டுனா ஏத்திருவாங்க," என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. எஸ்டேட்காரிக்கு அதை விளக்க வேண்டியதில்லை. காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் எங்கள் ரைட்டர் பிரபாகர் காலையில் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு அளவு சொல்வார். அதைத் தாண்டிப் பறித்து வந்து தராசில் வைத்தால் அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். "பறிக்கறதை எல்லாம் கொண்டாங்க, உங்களுக்குத்தான் நல்லது" என்பார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அதுதான் எல்லாருக்கும் அளவு. எட்டாதவர்களுக்கு அரை நாள் கூலிதான். அதனால் கூடுதலாகப் பறித்தவள் அதைப் பையில் கட்டிச் செடியடியில் வைத்து, சருகு போட்டு மூடிவிட்டு வருவாள். மறுநாள் உடம்புக்கு முடியாமல் போனால் கை கொடுக்கும். லைனில் இதைச் செய்யாத ஆள் கிடையாது. ஏமாற்று என்று நாங்கள் அதை நினைத்ததும் இல்லை. இருக்கிற பலத்தையெல்லாம் ஒரே நாளில் தராசில் வைக்கிறவள் பைத்தியக்காரி.

"அந்த அம்மணி ஒண்ணு முடிச்சா அடுத்ததைச் சொல்லுது," என்றார் அவர். "ஒரு நாள் முடியலீன்னா உடனே எழுதிக்குது. அங்க போனா இன்னும் பெரிய பெரிய ஆளுங்க. நாற்காலிக்கு வந்தாச்சுன்னா அதுக்கு மேல என்ன கேப்பாங்களோ. அது ஆவலீன்னா, இவன் தேற மாட்டான்னு திருப்பி அனுப்பிட்டா? அப்பறம் எங்க போறது? அதான் ஒண்ணைக் கையில வெச்சுட்டு, அதுக்குக் கீழ இருக்கறதைக் காட்டுனேன். நல்லா ஊனிப் பழகிட்டுக் காட்டலாம்னு இருந்தேன்."

"எல்லாத்தையும் காட்டச் சொல்லுச்சே அந்தப் புள்ள."

"எல்லா ரைட்டரும் அப்படித்தான சொல்லுவாங்க."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"உன் வாயில எது நின்னுருக்குது?" என்று கேட்டுச் சிரித்தார். விழுந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என்ன செய்வது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சொன்னது உண்மைதானே. அவர் உட்கார்ந்தார் என்று தெரிந்தால் ஏற்காடு ஒண்டிக்கடை வரைக்கும் தமுக்கடித்திருப்பேன்.

அந்த நிமிஷமே ஜெயகுமாரிக்குப் போன் போட்டேன். அவள் வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை. மறுநாளே வந்தாள். அவர் பலகையைப் போட்டு, கையை ஊன்றி, ஒரே வீச்சில் நாற்காலிக்குப் போனார். அவள் கைதட்டினாள். திட்டவே இல்லை. நான் ரைட்டர் கதையைச் சொன்னதும், "நான் இதைக் கேட்டுத் தெரிஞ்சிருக்கணும்க்கா" என்றாள். அடுத்த முறை தீபாவளிக்குப் பிறகு ஆள் எடுப்பார்கள், இதைக் காட்டினால் இடம் நிச்சயம் என்றாள். நிச்சயம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

பிறகு கேட்டாள். "தினமும் எவ்ளோ நேரம்ணா உக்காந்திருப்பீங்க?"

"இவ போனதுல இருந்து வர்ற வரைக்கும்தானுங்க. இங்க இருந்து பாத்தா மிளகு மரமெல்லாம் தெரியும்."

"இந்தக் கட்டை நாற்காலியிலயா?"

"ஆமாங்க."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. அவரைக் கட்டிலுக்கு வரச் சொல்லி ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். பின்பக்கத்தில் கொஞ்ச நாளாகவே ஒரு இடம் கறுத்துச் சிவந்து இருந்தது. நான்தான் கழுவும்போது பார்த்து அவளிடம் சொல்லியிருந்தேன். படுத்தே கிடப்பதால் வருவது, அடிக்கடி திருப்பிப் படுக்க வையுங்கள் என்று களிம்பு கொடுத்திருந்தாள். நானும் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து திருப்பிக்கொண்டிருந்தேன். பகல் முழுக்க அவர் அதே இடத்தின்மேல் உட்கார்ந்திருந்தது எங்கள் இருவருக்கும் எப்படித் தெரியும்? அவருக்கோ அங்கே வலியே தெரியாது. இப்போது தோல் விட்டிருந்தது. அவள் மெல்ல அழுத்திப் பார்த்தபோது உள்ளே பள்ளமாக இருப்பது எனக்கே தெரிந்தது.

"உக்காந்தா அப்பப்ப கையை ஊனி உடம்பைத் தூக்கித் தூக்கி எடுக்கணும்ணா," என்றாள். "கீழ மெத்தை போடணும். நாற்காலிக்கு வந்ததும் முதல்ல அதைத்தான் சொல்லிக் கொடுக்க இருந்தேன். நீங்க வரவே முடியலைன்னதால..."

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜெயகுமாரி வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைக்கத் தெரியாமல் ரொம்ப நேரம் நின்றாள்.

அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்தது. திரும்பவும் வேன், திரும்பவும் சேலம். சீழ் எலும்பு வரைக்கும் போயிருந்தது. கிழித்துச் சுரண்டினார்கள். ஆறவில்லை என்று மறுபடி சுரண்டினார்கள். குப்புறப் படுக்கப் போட்டு வைத்திருந்தார்கள். ஹரிணி காலேஜ் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, அப்பா தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து படிப்பாள். நடுவில் ஒரு வாரம் அவருக்கு நினைவே இல்லை. பிழைத்தால் போதும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. பிழைத்தார். தீபாவளியும் ஆஸ்பத்திரியிலேயே போயிற்று.

அவரைத் திரும்ப வீட்டில் கொண்டுவந்து போட்டபோது எஸ்டேட்டில் காப்பிப் பழம் சிவந்து தொங்கியது. உடும்புப் பிடி என்று சொன்னேனே, அந்தக் கை வற்றிப்போயிருந்தது. தோள் இறுகிவிட்டது. டம்ளரை எடுத்தால் காப்பி நெஞ்சில் சிந்துகிறது. புண் முழுக்க ஆறவில்லை, உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மறுவாழ்வு இல்லத்தில் இடம் கேட்டு ஜெயகுமாரி நடையாய் நடந்தாள். "இப்போதைக்கு இல்லை" என்றார்களாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம்கூட வரவில்லை. இப்போதைக்கு இல்லை என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தம் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

மார்கழியில் அவள் வந்தாள். பழைய தாளைக் கொண்டுவரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவர் கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இப்ப நாம இருக்கறதைக் காப்பாத்திக்கணும். புதுசா புண் வராம பாத்துக்கணும். அக்கா வேலைக்குப் போனப்பறம் நீங்களே இடது பக்கம் ஒருக்களிச்சுத் திரும்பிப் படுக்கணும். அதான் இப்ப."

"இதுவும் இலக்குதானுங்களா அம்மணி?" என்று கேட்டேன். குத்திக் காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"இதுவும் இலக்குதாங்க்கா."

மரம் ஏறுவதில் ஆரம்பித்தது, கக்கூஸ் கதவைத் தானே சாத்துவதாகச் சுருங்கி, இப்போது ஒருக்களித்துப் படுப்பதில் வந்து நின்றது. அவர் தலையை ஆட்டினார். வலது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்தார். தோள் எழும்பியது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. இடுப்பு அசையவில்லை. கை நழுவி மல்லாந்து விழுந்தார். மூச்சு வாங்கினார். கேட்காமலே இன்னொரு முறை பிடித்தார். இன்னொரு முறையும் விழுந்தார்.

ஜெயகுமாரி அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். நான் நினைத்ததையேதான் அவளும் நினைத்திருக்க வேண்டும். "அண்ணா, இன்னும் கொஞ்சம் இருந்தா காட்டிருங்க. நான் எதையும் ஏத்த மாட்டேன், சத்தியமா. என்கிட்ட ஒளிக்க வேண்டாம்."

"இல்லீங்க அம்மணி," என்றார். வேர்வை காதுக்குள் வழிந்தது. "இருக்கறதே இவ்வளவுதானுங்க. எல்லாத்தையும் காட்டிட்டேன்."

அவள் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, அடுத்த வியாழன் வருகிறேன் என்று சொல்லிப் போனாள். மண்பாதையில் அவள் இறங்கி மறைகிற வரைக்கும் நான் வாசலில் நின்றேன். மனுஷனுக்கு எப்படியெல்லாம் புத்தி போகிறது பாருங்கள். கட்டின நாளிலிருந்து என்னிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று அவரிடம் சண்டை போட்டவள் நான். அன்றைக்கு அவர் மறைத்து வைத்திருக்க வேண்டும் என்று ஏங்கினேன். எங்கேயாவது, எந்தச் செடியடியிலாவது, சருகுக்குக் கீழே ஒரு கைப்பிடியாவது இருந்துவிடாதா என்று.

உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க," என்றேன். "எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. கொஞ்சம் ஒளிச்சு வெச்சிருக்கீங்கதான?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வற்றிய கையைத் தூக்கி என் முழங்கையில் வைத்தார்.

"ஆமா புள்ள," என்றார். "கொஞ்சம் வெச்சிருக்கேன். யாருகிட்டயும் சொல்லிராத."

"சொல்ல மாட்டேனுங்க," என்றேன்.

திருப்பிப் படுக்க வைக்கிற நேரமாகியிருந்தது. ஒரு கையைத் தோளுக்குக் கீழேயும் இன்னொரு கையை இடுப்புக்குக் கீழேயும் கொடுத்து, அவரை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தேன்.